பெல்மீரோ ஆட்டாத கைக்குட்டை

சலினெய்ரா கால்பந்து கிளப் ஒன்பது வருஷத்தில் பதினோரு பயிற்சியாளர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. ஒவ்வொருவரை அனுப்பிய மறுநாளும் தலைவர் லொபாத்து மைக்கைப் பிடித்து, "எங்களுடையது நீண்டகாலத் திட்டம்" என்றார். அதில் பொய் ஒன்றுமில்லை. ஒன்பது வருஷமாக அந்த ஒரே திட்டம்தான் நடந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டாவதாக மாட்டியவர் வரேலா.

பயிற்சியாளர் யாராக இருந்தாலும் ஊர்க்காரர்கள் "மிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். வரேலாவைக் கூப்பிடும்போது மட்டும் குரல் கொஞ்சம் குழையும். இருபத்தெட்டு வருஷம் கழித்து அவெய்ரோ ஊருக்குக் கோப்பையைக் கொண்டுவந்தவர் அவர். அன்றைக்கு ஊரே சட்டை பேண்ட்டோடு கால்வாயில் குதித்தது. பஸ் டிரைவர் பெல்மீரோ குதித்தார். அவருடைய அண்ணன் அர்மிந்தோவும் குதித்தார். அர்மிந்தோவுக்கு நீச்சல் தெரியாது. "இன்னைக்கு முங்கிச் செத்தாலும் பரவால்லடா!" என்று இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு கத்தினார்.

அவர் சாவு அப்படி வரவில்லை. அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம், பிப்ரவரியில், ஆஸ்பத்திரியில் படுத்துப் பதினோரு நாளில் போனார்.

அண்ணனும் தம்பியும் முப்பத்தொரு வருஷம் அரங்கத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர்கள். முப்பத்தொரு வருஷமும் சண்டைதான். கடைசி இரண்டு வருஷச் சண்டை நெலியோ என்ற ஆட்டக்காரனைப் பற்றியது. நெலியோவுக்கு முப்பத்தேழு வயது, முழங்காலில் மூன்று அறுவை சிகிச்சை. ஆட்டம் பின்தங்கினால் கடைசி இருபது நிமிஷத்தில் அவனை இறக்க வேண்டும் என்பது அர்மிந்தோவின் கட்சி.

"ஓடறதுக்கு உள்ள இருபது காலு இருக்குடா. நிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் வேணும்."

"அவன் நின்னா நின்னதுதான்ணே. அப்புறம் கிரேன் வெச்சுத்தான் நகர்த்தணும்" என்பார் பெல்மீரோ.

எந்தப் பயிற்சியாளரும் அப்படி இறக்கியதில்லை. வரேலாவும் இறக்கியதில்லை. அந்த ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

அன்றைக்கு சலினெய்ரா இரண்டு கோல் பின்தங்கியிருந்தது. வரிசையாக ஐந்தாவது தோல்வி. அரங்கம் விசிலடித்துக்கொண்டிருந்தது; அங்கே விசில் என்றால் வசவு. எழுபத்தொன்றாவது நிமிஷம் வெளியே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் எழுந்து மேல்சட்டையைக் கழற்றினான். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு மைதானத்துக்குள் நொண்டி நொண்டி ஓடினான். நெலியோ.

விசில் இரண்டு மடங்கானது. காது கிழிகிற விசில்.

பெல்மீரோவுக்கு மட்டும் நெஞ்சு துள்ளியது. "அண்ணே, பாத்தியா! எறக்கிட்டாருண்ணே!" என்று இடதுபக்கம் திரும்பினார்.

இருக்கை காலியாக இருந்தது. பின்வரிசைக்காரர் யாரோ அதன்மேல் குடித்து முடித்த பீர் கோப்பையை வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் அழாதவர், கல்லறையில் அழாதவர், அந்தக் கோப்பையைப் பார்த்து அழுதார். தோள் குலுங்க, வாய் கோண அழுதார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார்.

அந்த ஊரில் பயிற்சியாளர் வேண்டாம் என்றால் ரசிகர்கள் வெள்ளைக் கைக்குட்டையை உயர்த்தி ஆட்டுவார்கள். நெலியோ உள்ளே வந்த கோபத்தில், சரியாக அதே நொடியில், அரங்கம் முழுக்கக் கைக்குட்டைகள் எழுந்தன. தொலைக்காட்சிக்காரர்கள் ஒரு முகம் தேடினார்கள். வாய் கோணி, கண் சிவந்து, கையில் வெள்ளைத் துணியோடு ஒரு முகம் கிடைத்தது.

*

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி நான்கு நிமிஷத்துக்குக் கிளப்பின் அறிக்கை வந்தது. வரேலாவும் கிளப்பும் பரஸ்பர உடன்பாட்டின்பேரில் பிரிகிறார்கள் என்றது அது. பரஸ்பரத்தில் ஒரு பாதியான வரேலா, பயிற்சிக்கு வண்டி ஓட்டிவரும் வழியில் வானொலியில் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அறிக்கைக்குக் கீழே "உறுப்பினர்களின் விருப்பம் இதோ" என்று ஒரு படம். பெல்மீரோ.

பஸ் டிப்போவுக்கு எதிரே இருந்த காபிக் கடையில் அவர் நுழைந்ததும் கைதட்டினார்கள். குழாய் வேலை செய்யும் செஃபெரினோ எழுந்து வந்து கட்டிப்பிடித்தான்.

"ஒரே ஆட்டு! ஆளே காலி! என்ன கோவம்யா உனக்கு! மூஞ்சியப் பாத்து என் பொண்டாட்டியே பயந்துட்டா!"

"நான் ஆட்டலப்பா. கண்ணத் தொடச்சேன்."

"அடக்கத்தப் பாருங்கடா! இவருக்கு ஒரு பிராந்தி, என் கணக்குல."

"இப்ப வண்டி ஓட்டணும்யா."

மூலை மேசையில் தொமே உட்கார்ந்திருந்தார். இருபது வருஷம் அதே டிப்போவில் கூட ஓட்டியவர். கோப்பை வென்ற ராத்திரி வரேலாவின் பெயரைக் கையில் பச்சை குத்திக்கொண்டவர். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"தொமே, நீயாவது கேளு..."

"அந்தாளு நமக்குக் கோப்பை குடுத்தாருய்யா" என்றார் தொமே. "உன் அண்ணன் உயிரோட இருந்திருந்தா உன்னைக் காறித் துப்பியிருப்பாரு."

கதவு சாத்திக்கொண்டது. செஃபெரினோ, "அவன் கெடக்கறான்" என்று அந்தப் பிராந்தியைத் தானே குடித்தான்.

புதன்கிழமை டிப்போவுக்குப் போனபோது அவருடைய பஸ்ஸின் பின்பக்கத்தில் அவருடைய முகம் ஒட்டப்பட்டிருந்தது. ஆளுயரத்துக்கு. மூக்கு மட்டுமே ஒரு முழம் இருந்தது. மேலே நீல எழுத்தில்: "நீங்கள் சொன்னீர்கள். நாங்கள் கேட்டோம்." அடுத்த வருஷத்துக்கு அரங்க இருக்கை வாங்கச் சொல்லும் விளம்பரம். ஊரில் இருபத்தாறு பஸ்ஸில் ஒட்டியிருந்தார்கள். தன் முகத்தை முதுகில் சுமந்துகொண்டு பெல்மீரோ அன்றைக்குக் கடற்கரைக்குப் பன்னிரண்டு தடவை போய் வந்தார். அந்தக் கடற்கரைச் சாலையில்தான் வரேலா வாடகைக்குக் குடியிருந்தார்.

*

மறுநாள் விடுப்பு போட்டுவிட்டுக் கிளப் அலுவலகத்துக்குப் போனார். உறுப்பினர் அட்டையைக் காட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"சார், நீங்களா! ஒரு படம் எடுத்துக்கலாமா?"

"அம்மா, அந்தப் படத்தை எடுக்கச் சொல்லத்தான் வந்தேன். நான் அழுதேன். மிஸ்டரைப் போகச் சொல்லல."

அவள் முகம் வாடியது. நல்ல பெண். மேசை இழுப்பறையில் தேடி ஒரு படிவம் எடுத்தாள். 'வெள்ளைச் சைகை விளக்கப் படிவம்' என்று தலைப்பு இருந்தது. எந்தக் கையால் ஆட்டினீர்கள், எத்தனை தடவை, துணி கிளப் கடையில் வாங்கியதா வெளியிலா என்றெல்லாம் கேட்டுவிட்டு, காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டம் போட்டிருந்தார்கள். நீக்க வேண்டும். உடனே நீக்க வேண்டும். ஜலதோஷம்.

"அழுகைக்குக் கட்டம் இல்லையேம்மா?"

"இல்ல சார்." குரலைத் தாழ்த்தினாள். "ஜலதோஷம்னு போட்டுடுங்களேன். டாக்டர் சர்ட்டிபிகேட் மட்டும் வேணும். ஞாயித்துக்கிழமை தேதி போட்டு."

"எனக்கு ஜலதோஷம் இல்லையே."

"அப்ப உடனே நீக்கணும்னுதான் சார் வரும். கட்டத்தை காலியா விட்டா கம்ப்யூட்டர் அதைத்தான் எடுத்துக்கும்."

அவர் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்க்கப் பொறுக்காமல் அவளே மாடிக்குப் போன் செய்தாள். மாடியில் உறுப்பினர் செவிமடுப்புத் துறை இருந்தது. அதன் தலைவர் டாக்டர் பிமெந்தெல். மருத்துவம் படித்தவர் இல்லை. செவிமடுப்பில் டாக்டர்.

டாக்டர் பிமெந்தெல் அவரை உட்காரவைத்து, "சொல்லுங்க, கேக்கத்தான் இருக்கோம்" என்று சொல்லிவிட்டு நாற்பது நிமிஷம் பேசினார்.

"அன்னிக்கு அரங்கத்துல பத்தொன்பதாயிரத்து நானூத்தாறு வெள்ளை. கேமரா வெச்சு எண்ணியிருக்கோம். தணிக்கை நிறுவனம் சீல் வெச்சாச்சு. உலகத்துல எந்த கிளப்பும் இப்படி உறுப்பினர் குரலை எண்ணினதில்ல, தெரியுமா?"

"அதுல ஒண்ணு என்னுது, டாக்டர். அதைக் கழிச்சுடுங்க."

"ஒண்ணைக் கழிச்சா எல்லாரும் வருவாங்க. ரொட்டி சுத்தின தாள் மட்டும் மூவாயிரம் இருக்கு அதுல. அவங்க வாய்தான் தொடச்சாங்க. நாங்க பாகுபாடு பாக்கல. முதலுதவிக்காரர் கையிலருந்த கட்டுத்துணியும் குரல்தான். ஒரு கடற்பறவைகூட இருக்கு. அது ரெண்டு கணக்கு."

"ரெண்டா?"

"திரும்பி வந்துச்சே." டாக்டர் முன்னால் குனிந்தார். "நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. நீங்க என்ன நினைச்சீங்கங்கறது உங்க சொந்த விஷயம். அதுல தலையிட எங்களுக்கு உரிமை இல்ல. உங்க முகம் என்ன சொல்லுச்சுங்கறதுதான் எங்க துறை."

"என் அண்ணன் செத்துட்டாரு, டாக்டர். அவரு பக்கத்துல..."

"அப்படியா? ரொம்ப வருத்தம்." உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஒரு குறிப்பும் எழுதிக்கொண்டார். "அப்ப உங்க பக்கத்து இருக்கை காலியா?"

இறங்கிவரும்போது பெல்மீரோவின் கையில் ஓர் அழைப்பிதழ் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை புதிய பயிற்சியாளர் அறிமுகம். சிறப்பு விருந்தினர் அவர்தான். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அங்கே அவருக்கு ஒரு நிமிஷம் மைக் தருவோம் என்றார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காக ஒத்துக்கொண்டார்.

*

வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்குப் போட்ட கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். சொல்லவேண்டியதை அவர் மனைவி செலெஸ்தி சின்னத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். நாலே வரி.

வண்டி நிறுத்தும் இடத்தில் பயிற்சியாளருக்கான பலகையில் புதியவரின் பெயரைச் சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெயிண்ட் அடிப்பதை ஐந்தாவது ஆளோடு நிறுத்திவிட்டார்களாம்.

அரங்கின் கீழ்ப்பகுதி நிறைந்திருந்தது. மேடையில் புதிய பயிற்சியாளர் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கைக்குட்டை. கிளப் அருங்காட்சியகத்துக்கு அசல் கைக்குட்டையைத்தான் கேட்டிருந்தார்கள். செலெஸ்தி அதைத் துவைத்து இஸ்திரி போட்டுவிட்டதால் உணர்ச்சி தெரியவில்லை என்று, கடையிலிருந்து புதுசாக ஒன்றை எடுத்துக் கசக்கி வைத்து, 'அசல்' என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள்.

தலைவர் லொபாத்து எழுந்தார். நெடிய மனிதர், அழகான குரல்.

"நண்பர்களே, ஒன்பது வருஷத்துல பன்னெண்டு பேரை மாத்திட்டேன்னு சொல்றாங்க. பன்னெண்டு தடவை உங்க பேச்சைக் கேட்டிருக்கேன்னு ஏன் யாரும் சொல்றதில்ல? நாங்க ஒரு தடவையும் தப்பு செஞ்சதில்ல. தப்பு செஞ்சவங்களைத்தான் அனுப்பினோம். அவங்களைத் தேர்ந்தெடுத்தது யாருன்னு கேப்பீங்க. நான்தான். எந்த ஆளு எங்க சறுக்குவான்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? இந்த கிளப்புக்கு நிலைத்தன்மை வேணும். அதனாலதான் ஒரு ஆளு மட்டும் மாறாம இருக்கேன். வரேலா நல்ல மனுஷர். கோப்பை குடுத்தாரு. அதை நாங்க மறக்கல. மறக்கறதுக்குக் கொஞ்சம் நேரம் குடுங்க."

கைதட்டல். அவர் பெல்மீரோவை மேடைக்கு அழைத்தார். கூட்டம் எழுந்து நின்றது.

பெல்மீரோ தாளை எடுத்தார். மேடை விளக்கில் எழுத்து சரியாகத் தெரியவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"நான் கைக்குட்டையை ஆட்டலைங்க. அழுதேன். மிஸ்டரை எனக்குப் பிடிக்கும். என் அண்ணன்..."

"அழுதார்!" லொபாத்து பாய்ந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். "கேட்டீங்களா? நம்ம கிளப் தோத்ததைத் தாங்காம அழுதிருக்காரு! ஐம்பத்தெட்டு வயசு மனுஷர்! இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?"

"இல்லைங்க, என் அண்ணன்..."

மைக்கின் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. கூட்டத்தில் பலர் அழுதார்கள். நிஜமாகவே அழுதார்கள். முன்வரிசையில் நின்ற செஃபெரினோ சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான். யாரோ கிளப் பாட்டை ஆரம்பித்தார்கள். எல்லோரும் தோளோடு தோள் சேர்த்துப் பாடினார்கள். தலைவரின் கை தோளில் கிடக்க, பெல்மீரோவும் பாடினார். முப்பத்தொரு வருஷமாகப் பாடிய பாட்டு, வாய் தானாகப் பாடியது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"நானும் பாடினேன், செலெஸ்தி."

அவள் கோட்டை வாங்கி மாட்டினாள். "நேர்ல போய் அந்த மனுஷர்கிட்ட சொல்லிடுங்க. வேற வழியில்ல" என்றாள்.

*

சனிக்கிழமை நாலு மணி வண்டி கடற்கரைக் கடைசி நிறுத்தத்துக்கு வந்தது. ஆட்களை இறக்கிவிட்டு, பிரேக்கைப் போட்டு, கதவைப் பூட்டினார். திரும்பப் புறப்பட இருபது நிமிஷம் இருந்தது. சாலையோடு நடந்தார்.

வரேலாவின் வீட்டு வாசலில் ஒரு கார். துணைப் பயிற்சியாளர் லினோ அட்டைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். வரேலா ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் தெரிவதைவிடக் குள்ளமாக இருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"புதன்கிழமையிலிருந்து தினம் பதினாலு தடவை என் சன்னல் வழியா உங்க மூஞ்சி போகுது."

"பன்னெண்டு தடவைதான், மிஸ்டர்."

"அப்படியா? எனக்குப் பதினாலுன்னு பட்டுச்சு." கயிற்றை இறுக்கினார். "இப்ப நேர்லயும் ஆட்டிட்டுப் போகலாம்னு வந்தீங்களா?"

பெல்மீரோ அங்கேயே நின்று, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். அண்ணனைச் சொன்னார், காலி இருக்கையைச் சொன்னார், பீர் கோப்பையைச் சொன்னார். அந்த வாரத்தில் அவரை யாரும் இடைமறிக்காதது அதுதான் முதல் தடவை.

"எதைப் பாத்து அழுகை வந்துச்சு?" என்று கேட்டார் வரேலா.

"நீங்க நெலியோவை எறக்கினீங்க, மிஸ்டர். என் அண்ணன் ரெண்டு வருஷமா அதையே சொல்லிட்டிருந்தாரு. கடைசி இருபது நிமிஷம் நிக்கத் தெரிஞ்சவன் வேணும்னு. அரங்கத்துல ஒருத்தனும் ஒத்துக்கல. நானும் ஒத்துக்கல. நீங்க ஒருத்தர்தான் அவரை மாதிரி யோசிச்சிருக்கீங்க."

வரேலா கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினார்.

லினோ பெட்டியைக் கீழே வைத்தார். "ஆனா மிஸ்டர், நீங்க கூப்பிட்டது டெலியோவைத்தானே? அந்த விசில்ல என் காதுலதான் நெலியோன்னு..."

"லினோ, அந்தப் பெட்டியை வண்டியில வை."

"இது காலிப் பெட்டி, மிஸ்டர்."

"பரவால்ல, வை."

லினோ காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பெல்மீரோவுக்கு விளங்கிவிட்டது. அண்ணன் ஆசைப்பட்டபடி இந்த உலகத்தில் நடந்த ஒரே விஷயம், கூச்சலில் ஓர் எழுத்து மாறிக் கேட்டதால் நடந்தது. டெலியோ இருபது வயதுப் பையன். ஓடுகிறவன். அவருக்கு விளங்கியதை வரேலாவும் பார்த்துவிட்டார்.

"நெலியோ எழுந்து சட்டையைக் கழட்டிட்டான்" என்றார் வரேலா மெதுவாக. "சிலுவை போட்டுக்கிட்டான். ஒரு வருஷமா யாரும் கூப்பிடாதவன். அப்புறம் உக்காருன்னு எப்படிச் சொல்றது?" பெட்டியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார். "உங்க அண்ணன் வேற என்ன சொல்வாரு?"

"மிஸ்டர், என் வண்டி..."

"எனக்கு இனிமே நேரம்தான் இருக்கு. சொல்லுங்க."

பெல்மீரோ உட்கார்ந்தார். "கோல் கீப்பர் கல்யாணம் ஆனவனா இருக்கணும்பாரு."

"ஏன்?"

"திட்டு வாங்கிப் பழகியிருப்பானாம்."

வரேலா சிரித்தார். ஒரு வாரமாகச் சிரிக்காத சிரிப்பு, இருமலோடு வந்தது. "அப்புறம்?"

"கார்னர் அடிக்கறப்ப பக்கத்துல இருக்கறவனுக்குத் தட்டிவிடறது பாவம்பாரு. கோல் முன்னாடி தூக்கித்தான் போடணுமாம்."

"அது மடத்தனம்" என்றார் வரேலா. "தூக்கிப் போட்டா நூத்துல மூணு கோல் விழும். தட்டிவிட்டா பந்து நம்மகிட்டயே இருக்கும்."

"அதெப்படி மிஸ்டர்? பந்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றது, அதுக்குப் பால் குடுக்கறதா?" பெல்மீரோவின் குரல் உயர்ந்தது. "அத்தனை பேரும் கோல் முன்னாடி போய் நிக்கறான், அவ்வளவு தூரத்துலருந்து ஓடி வந்து நிக்கறான், இவன் பக்கத்துல இருக்கறவனுக்குத் தட்டறான். ஒரு மனுஷனை அப்படிக் காக்க வெக்கலாமா?"

லினோ டிக்கியைச் சாத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். வரேலா தரையில் காலணி முனையால் கோடு போட்டு விளக்கினார். பெல்மீரோ அதை அழித்து வேறு கோடு போட்டார். கத்தினார். கையை வீசினார். முழங்காலில் அடித்துக்கொண்டார். அது முழுக்க அர்மிந்தோவின் கை.

கடைசியில் வரேலா மூச்சு வாங்கி நிறுத்தினார். "சரி. அவரு இப்படிச் சொல்லும்போது நீங்க என்ன சொல்வீங்க?"

பெல்மீரோ யோசித்தார்.

"நீங்க இப்ப சொன்னதைத்தான், மிஸ்டர். மடத்தனம்னு. முப்பத்தொரு வருஷமும்."

வரேலா அவர் முழங்காலில் ஒரு தடவை தட்டிவிட்டு எழுந்தார். கார் கிளம்பி, வடக்கே போகிற சாலையில் திரும்பி மறைந்தது. எந்த ஊருக்கு என்று அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

நாலு இருபது வண்டி ஐந்து ஐந்துக்குப் புறப்பட்டது. ஏறியவர்கள் எல்லோரும் திட்டினார்கள். மீன்கூடையோடு ஏறிய அம்மாள், "படத்துல வந்துட்டா பெரிய மனுஷனாயிடுவியா?" என்று கேட்டாள். கண்ணாடியில் பார்த்தவர்களுக்கு அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருப்பது தெரிந்தது. கார்னர் விஷயத்தில் அண்ணன் சொன்னதுதான் சரி என்பதற்குப் பாலம் ஏறும்போது இன்னும் இரண்டு காரணம் தோன்றியது. நல்ல காரணங்கள். சொன்னால் அண்ணனே அசந்துபோவார்.